ஏலத்தில் எடுத்தவர்

டோர்ட்மண்டுக்கு வெளியே ஒரு மைதானத்தில் சில ஜெர்மன்காரர் வருடம் தவறாமல் அமெரிக்க உள்நாட்டுப் போரை நடித்துப் பார்ப்பார்கள். அடிமைகளை விடுவிக்க மனமில்லாமல் பிரிந்துபோன தென்மாநிலங்கள் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகத் தோற்கும். இந்த முறை அடிமை ஏலக் காட்சியும் வேண்டுமென்றார்கள். அடிமை வேடத்துக்கேற்ற கறுத்த நிறத்தில் அவர்களுக்குத் தெரிந்தவர் ஸ்ரீதரன் ஒருவர்தான். தமிழ்ப் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு மைதானத்தைத் தந்தால் வருகிறேன் என்று அவரும் பேரத்தை முடித்தார்.

தென்படையின் சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட கிழவர் ஒருவர் அவரை ஏலத்தில் எடுத்தார். பிறகு போர் நடந்தது. பின்னேரம் தெற்கு சரணடைந்தது. இரு படைகளும் சொசேஜ் வாங்க ஒரே வரிசையில் நின்றன. கிழவர் மட்டும் ஸ்ரீதரனை விட்டு நகரவில்லை.

"சண்டை முடிஞ்சுது ஐயா. நீங்கள் தோத்திட்டியள்," என்றார் ஸ்ரீதரன்.

"தெரியும். நான் வாங்கினது சண்டைக்கு முதல்."

ஸ்ரீதரன் எரிச்சலுடன் அமைப்பாளர் டீற்றரிடம் போய் முறையிட்டார்.

"அவர் எங்கள் சங்கத்து ஆள் இல்லையே," என்றார் டீற்றர். "உங்களோடு வந்தவர் என்றல்லவா உள்ளே விட்டோம்."

கிழவரை மைதானத்திலேயே விட்டுவிட்டு ஸ்ரீதரன் வேகமாகக் காரை ஓட்டி வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்த மனைவி பவளத்தின் முகம் கடுகடுத்தது. உள்ளே சோபாவில் அந்தக் கிழவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"புது வேலைக்குப் போறதெண்டால் எனக்கொரு சொல்லுச் சொல்லக் கூடாதோ?" என்றாள் பவளம். "முதலாளி மத்தியானம் தொட்டுக் காத்துக்கொண்டிருக்கிறார். உங்கட பெட்டியை அடுக்கி வைச்சிட்டன். எப்ப திரும்பி வருவியள் எண்டு கேட்டால் மனுசன் சிரிக்கிறார்."