மூன்றாம் மாடி கரன்சி வகுப்பு

"உங்க சொந்தக் கணக்கைத் திறந்து காட்டுங்க சார். டெமோ வேண்டாம். நிஜப் பணம் போட்டு நீங்க கரன்சி வாங்கி வித்த கணக்கு" என்றாள் பூலெங்.

லெபோனாவின் வகுப்பில் யாரும் கேட்கக் கூடாத கேள்வி அது. குருவைச் சந்தேகப்படுகிறவருக்கு டாலர் கைகூடாது என்று முதல் நாளே சொல்லி வாயைக் கட்டிவிடுவார்கள்.

ஆனால் கீழே டாக்ஸி நிறுத்தத்துப் பெஞ்சில் சித்தி மாலிசெபோ காத்திருக்கிறாள். டிசம்பரில் பிரித்த ஸ்டாக்வெல் சீட்டுப் பணம் மொத்தமும் அவள் பைக்குள். ப்ளூம்ஃபொன்டெய்ன் நகரத்து வீடுகளின் தரையைத் துடைத்துத் தேய்ந்த முட்டி, மூன்று மாடி ஏறாது.

"உன் ஆபீஸ்ல லீவு சொல்லிட்டு வாடி" என்று காலையில்தான் போனில் கூப்பிட்டிருந்தாள். "தெருவுக்குத் தெரு கரன்சி வகுப்புன்னு போர்டு. எவன் யோக்கியன்னு எனக்கென்ன தெரியும்? நம்ம வீட்டுல படிச்சவ நீ ஒருத்தி. மேல போய் விசாரிச்சு, நம்பலாம்னு சொல்லு. கட்டிடுறேன்."

லெபோனா கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டார். அவர் முகத்தில் தூக்கம் கெட்ட களைப்பு. போனைத் திறந்து நீட்டினார். திரை முழுக்கப் பச்சை, எல்லாம் லாபம்.

"மூலையில டெமோன்னு இருக்கு சார். எனக்குக் கண்ணு தெரியும்."

"பூலெங், இத்தனை பேர் வந்துட்டுப் போறாங்க. ஒருத்தர் கேட்டதில்ல."

"கேட்க விட்டாத்தானே? சனிக்கிழமை படம் எடுக்க வாடகைக்கு வர்ற வெள்ளைக் காரைக் காட்டத் தெரியுது. கணக்கைக் காட்டத் தெரியலையா? சரி, அரசாங்கத்துல பதிவாவது இருக்கா?"

"விண்ணப்பம் போட்டிருக்கு."

"எப்போ?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். கீழே டாக்ஸிக்காரர்கள் ஹாரன் அடித்து ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"போட்டதெல்லாம் போச்சு" என்றார் மெதுவாக. "கணக்கை மூடி ரெண்டு வருஷமாச்சு. வாங்கி விக்கிறதுல ஒரு ரேண்ட் காசு கையில நின்னதில்ல. சொல்லிக்குடுக்கிறதுலதான் சோறு. போதுமா?"

"அப்போ எத நம்பி வர்றாங்க?"

"என் மூஞ்சியவா? பட்டம் வாங்கினவங்க பாடம் எடுக்கிறாங்கன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கோமே, அத நம்பித்தான். நம்ம ஜனங்களுக்குப் பட்டதாரின்னா சாமி மாதிரி."

"அந்தப் பட்டதாரி என்ன படிச்சதுன்னு போட்டிருக்கீங்களா?"

"எதுக்கு? தாவரவியலோ மண்ணோ, படிச்ச மூளைதானே? முந்தின நாள் வாசிச்சு மறுநாள் ஒப்பிச்சா போச்சு."

"அதுக்குக் கரன்சியப் பத்தி ஒரு இழவும் தெரியாது சார்!" அவள் குரல் உடைந்தது. "கட்டுறவங்க வீட்டு வேலை செய்றவங்க. சுரங்கத்துல வேலை போனவங்க. அவங்க கேட்கிற சந்தேகத்துக்கு அது என்ன பதில் சொல்லும்?"

லெபோனா அவளை விசித்திரமாகப் பார்த்தார். "இன்னிக்கு உனக்கு என்ன ஆச்சு? வேலை கேட்டு எத்தனை படி ஏறி இறங்கினேன்னு நீதானே சொன்ன? ஊர்ல பாதிப் பேருக்கு வேலை இல்ல. கொஞ்சம் யோசி."

யோசிக்க ஒன்றுமில்லை. முடிவைப் படியேறும்போதே எடுத்தாகிவிட்டது. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய தன் ஸ்வெட்டரை உருவி எடுத்துக்கொண்டு பூலெங் வெளியே வந்தாள். அவர் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

சித்தி பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எண்ணெய் ஊறிய காகிதத்தில் சூடாக மக்வின்யா, பொரித்த மாவு உருண்டைகள், வாங்கி வைத்திருந்தாள்.

"சாப்பிடுடி, மூஞ்சியே செத்துக் கிடக்கு. என்ன சொல்றான்? கட்டிடலாமா?"

"வேண்டாம் சித்தி. பணத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. அந்த இடம் நம்புற இடம் இல்ல."

"என்னடி இப்படிச் சொல்ற? அவன விடு. பட்டம் வாங்கின புள்ள ஒண்ணு சொல்லிக்குடுக்குதாமே, நான் அத நம்பித்தானே வந்தேன்!"

பூலெங் நிற்காமல் டாக்ஸியை நோக்கி நடந்தாள்.

"அந்தப் புள்ள நான்தான், சித்தி."