பயிற்சிக் கட்டில்

பத்துக் கட்டில் மருத்துவமனையாக அப்பா தொடங்கியது இன்று ஏழு மாடி மருத்துவக் கல்லூரியாக நிற்கிறது. இப்போது அதை நடத்தும் மகள், புதிய பயிற்சி அறையை அம்மாவுக்குச் சுற்றிக் காட்டுகிறாள். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. காலை வெயில் விழும் கட்டிலில் ரப்பர் பொம்மை நோயாளி ஒன்று படுத்திருக்கிறது. அதன் மார்பு மெல்ல ஏறி இறங்குகிறது. மாணவி ஒருத்தி அதன் மணிக்கட்டைத் தொட்டதும் பொம்மை பேசுகிறது. “மூச்சு முட்டுது டாக்டர்.” அம்மாவின் விரல்கள் மகளின் தோளை இறுகப் பற்றுகின்றன. “அப்பா குரல்டி இது!” “ஆமாம்மா. பசங்க படிக்கட்டும்னு, படுக்கையில விழுறதுக்கு முன்னாடியே அவரே பேசிப் பதிவு பண்ணிக் கொடுத்தாரு. உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்.” அம்மா கட்டிலருகே போய்ப் பொம்மையின் தலையணையைச் சற்று உயர்த்துகிறாள், போர்வையை இழுத்துவிடுகிறாள். “இப்ப கொஞ்சம் தேவலை,” என்கிறது பொம்மை. அம்மா தலையாட்டுகிறாள். மகள் பொம்மையை நிறுத்த, சுவரிலிருக்கும் சுவிட்சை நோக்கிக் கை நீட்டுகிறாள். போன வருஷம் அப்பாவின் சுவாச இயந்திரத்தை நிறுத்தச் சொன்னவளும் அவள்தான். “வேண்டாம்,” என்கிறாள் அம்மா, திரும்பாமலே. “ஒரு தடவை நிறுத்தினியே, அது போதும்.” மாணவியிடம் நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி, கட்டிலை ஒட்டிப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள்.