மஞ்சள் பட்டுக் கோழிக்குஞ்சு

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. சின்னதுகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு கேளுங்க. ரங்கூனில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சிரிக்க வைக்கிற கதை இல்லை; ஆனால் மனசில் போட்டு வைத்துக்கொள்ள வேண்டிய கதை.

அன்றைக்குப் பெரிய சனிக்கிழமை, காலை நேரம். மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில் ரயில் பாதையை ஒட்டின மரவீட்டு வரிசை. அதில் ஒரு வீட்டின் பின்முற்றத்தில், ஜூடித் தான் தைத்த பொம்மைகளைத் தானே நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் அடுப்பு இடுக்கியால் பிடித்து, எட்ட நின்று போட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கமலாட்சி வந்து சேர்ந்தாள். இடுப்பில் மூன்று வயது மகள் பவுனு. கையில் இரண்டு மூங்கில் கூடை.

கமலாட்சி ஓர் அமெரிக்கத் துரைசானி வீட்டில் ஆயா. மறுநாள் ஈஸ்டர். அந்த வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் கண் விழிக்கும்போது தலைமாட்டில் கூடை நிறையப் பொம்மை இருக்க வேண்டும். "அதுகளுக்கு என்ன பிடிக்கும்னு உனக்குத்தான் தெரியும், நீயே பார்த்து வாங்கு" என்று துரைசானி அனுப்பியிருந்தாள்.

"அடியே ஜூடித்து! பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு?"

"வராதேக்கா. அங்கேயே நில்லு. இந்த வருஷம் பொம்மை கிடையாது."

"கிடையாதா? கண்ணு முன்னால மலையாக் குவிச்சு வச்சிருக்கே!"

"விக்கிறதுக்கு இல்லை. போயிடு."

கமலாட்சிக்குப் புரிந்துவிட்டது, அதாவது, புரிந்ததாக நினைத்தாள். போன ஈஸ்டருக்குத் துரைசானி, நாலு பேர் பார்க்க, தையல் கோணல் என்று ஒரு வாத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஜூடித் ரோஷக்காரி. அன்றைக்கு முகம் சிவந்து உள்ளே போனவள்தான்.

"ஒரு சொல்லுக்கு வருஷம் பூரா கருவிக்கிட்டு இருந்தியாக்கும்! வெள்ளைக்காரி மேல கோபம்னா என் சோத்துல ஏண்டி மண்ணைப் போடுறே? வெறுங்கூடையோட போய் நின்னா நாளைக்கே வேற ஆயா வந்துடுவா. இவளுக்கு அப்பனும் இல்லை. இதைத் தூக்கிக்கிட்டு நான் எந்த வாசல்ல போய் நிப்பேன்?"

ஜூடித் சாத்தியிருந்த பின்கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு மெல்லக் கெஞ்சினாள்.

"கியாக்டடா பக்கம் பெரிய கடையெல்லாம் இருக்கேக்கா. தகரக் குதிரை, பீங்கான் பாப்பா, என்னென்னமோ விக்கிறான். அங்கே போயேன். உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன்."

"துரைசானி வீட்டுச் சின்னது எதைக் கண்டாலும் வாயில வைக்குது. தகரத்தைக் குடுத்து உதட்டைக் கிழிச்சுக்கச் சொல்றியா? பீங்கான் ஒரு நாள் தாங்குமா? உன் பொம்மைதான் மெத்துன்னு இருக்கும். அந்தக் கைப்பக்குவத்துக்குத்தானே உன்னைத் தேடி வாரேன்!"

சொல்லிக்கொண்டே பவுனைக் கீழே இறக்கிவிட்டு, கமலாட்சி குவியலில் பாய்ந்தாள்.

பறித்துக்கொண்டு ஓடுகிற அவசரத்திலும் அவள் கை பார்த்துத்தான் எடுத்தது. பெரியவனுக்கு யானை, தும்பிக்கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், தையல் கெட்டி. சின்னதுக்கு ஆட்டுக்குட்டி, பித்தான் கண் வைத்ததை வேண்டாம் என்று தள்ளி, நூலில் கண் தைத்ததை எடுத்துக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். பர்மாப் பட்டு லுங்கித் துண்டு, பூ மாதிரி இருந்தது.

"வைக்கா! கீழே வையி!" ஜூடித் இடுக்கியை ஓங்கிக்கொண்டு வந்தாள். ஆனால் சத்தம் தொண்டையைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று பயப்படுகிற குரல்.

"அடிக்கப் போறியா? அடி பார்ப்போம்! பண்டிகையும் அதுவுமா பிள்ளைங்க சாமானைக் கொளுத்துற புண்ணியவதி நீ. எங்கே உன் மகன்? அவனைக் கூப்பிடு. அம்மாக்காரி பண்ற கூத்தை வந்து பார்க்கட்டும்!"

ஜூடித்தின் கை அப்படியே நின்றது. அவள் கமலாட்சியைப் பார்க்கவில்லை. கமலாட்சிக்குப் பின்னால் பார்த்தாள்.

குவியலின் ஓரத்தில் பவுனு உட்கார்ந்திருந்தாள். மஞ்சள் பட்டில் தைத்த கோழிக்குஞ்சு ஒன்றைத் தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசின கன்னத்தோடு சேர்த்து அணைத்து, அதன் அலகை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். "அம்மா, குஞ்சு முத்தம் குடுக்குது" என்று சிரித்தாள்.

இடுக்கி கீழே விழுந்தது. பிள்ளையிடம் ஓடின ஜூடித், பக்கத்தில் போனதும் சட்டென்று நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"அதை வாயிலேருந்து பிடுங்குக்கா. சீக்கிரம் பிடுங்கு. என்னால தொட முடியாது."

"என்னடி சொல்றே?"

"யார்கிட்டேயும் சொல்லிடாதே. முனிசிபால்டி ஆளுங்களுக்குத் தெரிஞ்சா தூக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் உசுரோட என் கண்ணுல காட்ட மாட்டாங்க."

"யாரைடி?"

ஜூடித் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என் மகனுக்கு அம்மைக்கா. இந்தப் பொம்மைங்க மேலதான் படுத்துக் கிடந்தான். நாங்க ஏசு வேதக்காரங்க... அம்மைன்னு தெரிய வாசல்ல வேப்பிலை கட்ட மாட்டோமே!"

போய் வாங்க, கண்ணுகளா. உங்க வீட்டு வாசலில் மாவிலையைத் தவிர வேறெந்த இலையும் தொங்காமல் இருக்கட்டும்.