பொறி பறக்காத ரம்பம்

வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இரும்புக் குழாயில் இறங்கியது புது மின்ரம்பம். அதை விற்க வந்தவர், வெட்டிய துண்டைப் பட்டறைக்காரரிடம் நீட்டினார்.

“தடவிப் பாருங்கண்ணே. பிசிறு இருக்கா? எங்கயாவது கறுத்திருக்கா?”

“கண்ணாடி மாதிரி இருக்கு தம்பி. ஆனா பொறியே பறக்கலையே?”

“அதுதாண்ணே இதோட பெருமையே! இன்னும் நாலு துண்டு வெட்டிக் காட்டுறேன்.”

நாலும் அதே சுத்தம். பட்டறைக்காரரோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல சரக்குதான். ஆனா நமக்குப் பழசே போதும். அதுல பொறி பறக்கும்.”

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று வந்தவர் மனதுக்குள் கறுவிக்கொண்டார்.

அப்போது ஈரக் கையோடு மூச்சிரைக்க ஓடிவந்த ஒரு பெண், பட்டறைக்காரரின் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தாள். அவர் சிரித்தபடி, ஒன்றுமில்லை என்று சைகை காட்டினார்.

“என் சம்சாரம், தம்பி. காது கேக்காது. போன வருஷம் நெஞ்சுவலியில இங்கயே சுருண்டு விழுந்துட்டேன். நான் கத்துனது அவளுக்குக் கேக்கல. அதுலேருந்து சமைக்கும்போதும் எதிர்ல இருக்குற எங்க வீட்டு ஜன்னல் வழியா இங்கதான் பாப்பா. பொறி பறந்தா நான் நல்லா இருக்கேன்னு அர்த்தம்.”

வந்தவர் குனிந்து பழைய ரம்பத்தைப் பிடித்தார்.

“நீங்க தூக்காதீங்கண்ணே, நானே வாசல் பக்கமா தள்ளி வைக்கிறேன். வேலையெல்லாம் புதுசுல பாருங்க. அப்பப்ப இதுலயும் ஒரு துண்டு வெட்டுங்க, அண்ணிக்காக.”