கட்டுரையில் முதல் பெயர்

"என் பேரை முதல்ல போடும்மா. உன் பேரு ரெண்டாவதா இருக்கட்டும்."

டாக்டர் அச்சிமுகு தலை நிமிராமலே சொன்னார். பல்கலைக்கழக நூலகத்தின் தலைவர் அவர். எதிரே நின்ற ஓஜோமா மேசைமேல் இருந்த தாள்களைப் பார்த்தாள்.

பதினான்கு பக்கக் கட்டுரை. ஒவ்வோர் எழுத்தும் அவளுடையது.

நைஜர் ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் நூலகர்களுக்கும் ஆசிரியர் தகுதி உண்டு. ஆகவே ஆசிரியர்களுக்குள்ள தொல்லையும் உண்டு. ஆய்விதழில் கட்டுரை வராதவருக்குப் பதவி உயர்வு கிடையாது. புத்தகங்களுக்கு எண்ணிட்டு அடுக்கும் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக ஓஜோமா அதே நாற்காலியில் அமர்ந்திருந்தாள். பிறர் எழுதியதை அடுக்குகிறவளுக்கு எழுத என்ன இருக்கிறது என்று அஞ்சியே காலம் கழிந்தது.

அந்த அச்சத்தைப் போக்கியவரும் இதே அச்சிமுகுதான். பெரிய தத்துவம் தேடி அலைய வேண்டாம் என்றார். முதலில் இரண்டு புத்தக மதிப்புரைகள் எழுதச் சொன்னார். அவை அச்சேறின, கை பழகியது. பிறகு, தினமும் செய்கிற வேலையில் ஒரு கேள்வியைப் பிடித்து, விடையை எண்ணிப் பார்த்து, எண்ணியதை அப்படியே எழுது என்றார்.

அவள் பிடித்த கேள்வி எளிமையானது. துணைவேந்தர் விழா எடுத்துத் திறந்துவைத்த கணினிக் கூடத்துக்கு மாணவர்கள் எதற்காக வருகிறார்கள்?

மூன்று மாதம் வாசலில் அமர்ந்து ஒவ்வொருவரையும் கேட்டுக் குறித்தாள். பத்துப் பேரில் ஏழு பேர் கைப்பேசிக்குச் சார்ஜ் போட வந்திருந்தார்கள். கரன்ட் போனால் வளாகத்தில் ஜெனரேட்டர் ஓடுவது அங்கே மட்டும்தான்.

எழுதி முடித்துக் கொண்டுவந்து காட்டிய அன்றுதான் அவர் இப்படிக் கேட்டார்.

தலைவரின் பெயரைக் கட்டுரையின் கடைசியில் சேர்ப்பது அங்கே வழக்கம். வந்தவருக்குக் கோலாக் கொட்டை நீட்டுவதைப் போன்ற மரியாதை அது. யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் முதலில் போடு என்று கேட்டவர் இதுவரை ஒருவரும் இல்லை. பதவி உயர்வுக் கணக்கில் இரண்டாம் பெயருக்குப் பாதி மதிப்பெண்தான். அந்தப் பாதி தன்னைக் கரையேற்றுமா என்பது ஓஜோமாவுக்குத் தெரியவில்லை.

மதியம், வாங்கிய அகாரா வடையைத் தொடாமலே பக்கத்து மேசை எனெமோனாவிடம் புலம்பினாள்.

"ஏழு மாசத்துல ரிட்டயர் ஆகப் போறாரு. இதுக்கு மேல ஏற அவருக்குப் படியே கிடையாது" என்றான் அவன். "ஒருவேளை சொர்க்கத்துலயும் கட்டுரை இருந்தாத்தான் நல்ல இடம் குடுக்கறாங்களோ என்னவோ அக்கா." சொல்லிக்கொண்டே அவளுடைய வடையையும் எடுத்துக்கொண்டான்.

சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கண் கலங்கியது. பெயர்களை மாற்றி இதழுக்கு அனுப்பிவைத்தாள்.

இதழிலிருந்து மூன்று பக்கத்துக்குக் குறைகள் வந்தன. எல்லாவற்றையும் கிழித்துப் போட்டுவிடலாம் என்றிருந்தது அவளுக்கு. அச்சிமுகு அவளை எதிரில் அமர்த்தி, ஒவ்வொரு குறைக்கும் ஒரு நன்றி, ஒரு விடை, ஒப்பாத இடத்தில் ஒரு காரணம் என்று பொறுமையாக எழுதவைத்தார். தாமாக ஒரு சொல்லும் போடவில்லை. பெயர் மட்டும் வேண்டும், உழைப்பு வேண்டாம் போலும் என்று அவள் மனம் அதையும் ஒரு குற்றமாகவே கொண்டது.

கட்டுரை வெளிவந்தது. அச்சில் தன் பெயரை, இரண்டாவதாகவேனும், கண்டபோது ஓஜோமாவுக்குக் கண் பனித்தது உண்மை.

அடுத்த வாரம் ஒரு நாளிதழ் அந்தப் 'பத்தில் ஏழு பேர்' கணக்கை எடுத்துத் தலைப்புச் செய்தியாக்கியது. மறுநாளே துணைவேந்தர் அலுவலகத்திலிருந்து முத்திரையிட்ட உறை நூலகத்துக்கு வந்தது.

எனெமோனா மூச்சிரைக்க வந்து சேதி சொன்னான். "மெமோ வந்திருக்கு அக்கா. பல்கலைக்கழகத்தோட மானத்தை வாங்கினதுக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாதுன்னு ரெண்டு நாள்ல விளக்கம் குடுக்கணுமாம். முதல் பேரு யாரோ, அவருக்கு மட்டும்தான். கேட்டு வாங்கினாரில்ல, அனுபவிக்கட்டும்."

ஓஜோமாவால் அதற்கு மகிழ முடியவில்லை. வாசலில் அமர்ந்து எண்ணியவள் அவள். எழுந்து நேரே தலைவரின் அறைக்குப் போனாள்.

அச்சிமுகு நிதானமாக விளக்கம் எழுதிக்கொண்டிருந்தார். இக்கட்டுரையின் ஒவ்வோர் எண்ணுக்கும் நானே பொறுப்பு என்ற வரியில் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

"எழுதினது நான் சார். நானே போய்ப் பதில் சொல்றேன்."

"இது வரும்னு அன்னிக்கே தெரியும், உக்காரு."

"அப்ப ஏன் சார் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா பயந்துபோய் எண்ணிக்கையைக் குறைச்சு எழுதியிருப்பே."

அவள் நாற்காலியை இழுத்து அமர்ந்தாள். பிறகு, ஓய்வு பெறும் காலத்தில் உங்களுக்கு ஏன் சார் இந்த வம்பு என்று கேட்டாள்.

அவர் கையெழுத்திட்டு, தாளை மடித்து உறையில் வைத்தார். முகத்தில் சிரிப்பு இருந்தது.

"வியாழக்கிழமை புரொமோஷன் கமிட்டி கூடுது. மெமோ நிலுவையில இருக்கறவங்க ஃபைலை அவங்க தொடக்கூட மாட்டாங்க. ரெண்டாவது பேருக்குக் கிடைக்கறதும் உன் மதிப்புரைங்களும் சேர்ந்தா உனக்குப் போதும், நான் பாத்துட்டேன். என் ஃபைலை இனிமே யாரு திறக்கப் போறாங்க?"