காற்று முள்ளும் வேக முள்ளும்

போன ஈஸ்டர் ஆராதனை முடிந்து வரும்போது, கார் பந்தய விளையாட்டு தயாரிக்கிற கம்பெனியில் வேலை பார்க்கும் நம்ம எப்சிபா இதை எனக்குச் சொன்னாள்.

அவள் செய்த விளையாட்டில் ஒரு சிவப்புக் கார். அதில் இரண்டு முட்கள். ஒன்று, டர்போ எஞ்சினுக்குள் தள்ளுகிற காற்றின் அழுத்தத்தைக் காட்டும். மற்றது வேகத்தைக் காட்டும். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் காற்று முள்தான் முதலில் துள்ளி எழும். விட்டால் 'உஸ்'ஸென்று ஒரு சத்தம். ஆடுகிறவர்கள் அதற்கே கைதட்டுவார்கள். வேக முள்ளுக்கு வயிறு எரியும்.

"ஓடுறது நான், பேரு உனக்கா? இன்னைக்கு நீ எழும்பாம படு, பார்ப்போம்" என்றது.

"இது கடைசிப் பந்தயம்டா. தோத்தா இந்தக் காரையே ஆட்டத்துலேருந்து தூக்கிருவாங்க" என்றது காற்று முள்.

"நீ இல்லாட்டி நான் ஓடமாட்டேனாக்கும்!"

காற்று முள் பூஜ்யத்திலேயே படுத்துக்கொண்டது. அது காட்டுகிற எண்ணை வைத்துத்தான் அந்த விளையாட்டு எஞ்சினுக்குப் பலம் கொடுக்குமாம். வேக முள் எண்பதைத் தாண்ட முடியாமல் நடுங்கியது. எல்லாக் கார்களும் முந்திப் போயின.

காரை ஆட்டத்திலிருந்து தூக்கி, திரையை அணைக்கிற நேரத்திலும் வேக முள், பக்கத்தில்தான் எட்டிப் பார்த்ததாம், காற்று முள் கொஞ்சமாவது எழும்பிவிட்டதா என்று.

ஆசீர், சாப்பிட்டதும் அண்ணனுக்கு ஒரு போன் போடு ராசா. அவனோட புது வேலைக்கு வாழ்த்து மட்டும் சொல்லிவிடு.