காட்டுநெல்லியின் மகிமை

சோதனைக் குழாயிலிருந்த ஊதா நிறம் கண்ணெதிரே மஞ்சளாக மாறியதும் தேனிக் கல்லூரி அரங்கில் எல்லாரும் கைதட்டினார்கள். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்கு நின்றிருந்த ஸ்டீவன், தன் கல்யாணத்தன்றுகூட இப்படி நிமிர்ந்து நின்றதில்லை.

மஞ்சளான குழாயில் விட்டது, தேவாரம் மலையடிவாரத்துக் காட்டுநெல்லியிலிருந்து பிரித்தெடுத்த பாலிசாக்கரைடு என்னும் கூட்டுச் சர்க்கரை. தோப்பு நெல்லிச் சர்க்கரையை விட்ட இன்னொரு குழாய் ஊதாவாகவே அசடு வழிந்தது. உரம் பார்க்காத காட்டுக்காயில்தான் ஊதாவை மஞ்சளாக்கிக் காட்டும், உடம்பைக் காக்கும் ஆன்டிஆக்சிடன்ட் சக்தி அதிகம் என்பது அவன் ஆய்வு. இன்று பட்டம் கிடைத்தால்தான் கல்லூரியில் வேலை நிரந்தரமாகும்.

தான் பாரபட்சம் பார்க்காதவன் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. காட்டுநெல்லி வற்றல் வெந்நீரில் வேகும்போது பச்சைக் குழந்தையைப் பார்த்துக்கொள்வதுபோல் பக்கத்திலேயே இருந்தான். தோப்பு நெல்லி வெந்தபோது டீ குடிக்கப் போய், நன்றாக அரசியல் பேசிவிட்டு வந்தான். ஆல்கஹால் ஊற்றியதும் காட்டுநெல்லிச் சாற்றில் அந்தச் சர்க்கரை வெள்ளையாகத் திரண்டதைப் பார்த்து அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. மற்றதில் என்ன திரண்டது என்று சரியாக ஞாபகமில்லை.

காயவைக்கக் கொடுத்தபோது காட்டுநெல்லி ஒரு கூடை, தோப்பு நெல்லி இரண்டு கூடை. வற்றலாகித் திரும்பியபோது இரண்டு பொட்டலமும் ஒரே எடை. தோப்புக்காயில் அவ்வளவும் தண்ணீர்தான் என்று அதையும் ஆய்வேட்டில் ஒரு பத்தியாக எழுதிச் சேர்த்திருந்தான்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் உமாதேவி, காய்களைக் காயவைத்தது யார் என்று கேட்டார். ஸ்டீவன் பெருமையோடு முன்வரிசையைக் காட்டினான். போடி கடைவீதியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் அவன் அப்பா காமராஜ், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"ரெண்டும் கலந்துறாம எப்படிப் பாத்துக்கிட்டீங்க?"

காமராஜுக்கு மறைத்துப் பேசிப் பழக்கமில்லை. "எங்கங்க பாக்குறது? திடீர்னு மழ வந்துருச்சு. மாடியில இருந்து அவசரமா அள்ளுனதுல எல்லாம் ஒண்ணாக் கொட்டிப்போச்சு."

ஸ்டீவன் இரண்டு குழாய்களையும் மாறி மாறிப் பார்த்தான். மகனின் முகம் வெளுத்ததைப் பார்த்த காமராஜ், அவன் தன் நேர்மையைத்தான் சந்தேகப்படுகிறான் என்று நினைத்து அவசரமாகச் சொன்னார்:

"பதறாதப்பா, தராசுல வச்சுச் சரிபாதியாத்தான் பிரிச்சுக் கட்டுனேன்."